சுவரைப் பார்த்த பந்தி

ஆவணி முடியப்போகிறது. அடுத்த வாரம் புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு மீன் கிடையாது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் வேலையை அம்சா புருஷனிடம் விடவில்லை. விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் கரைக்குத் தானே போனாள். வலையை உதறும் இடத்திலேயே நின்று, சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நெத்திலியை மோந்து பார்த்து, விற்கிறவள் அலுத்துக்கொள்ளும் வரை பேரம் பேசி வாங்கி வந்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் காலையில் இட்லி வடகறி, மதியம் மீன் சாப்பாடு. அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கே நாஸ்தா முடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். ஞாயிறு மட்டும் விடுமுறை. ஆனால் இந்த ஞாயிறு கடைக்கூடத்தில் விருந்து இருந்தது.

அம்சா கொல்லையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து செதில் சீவ ஆரம்பித்தாள். கடல்காற்று இன்னும் சூடேறவில்லை. பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பூனை ஒன்று மரியாதையான தூரத்தில் வந்து உட்கார்ந்தது. உள்ளே உலகநாதன் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும் சத்தம் கேட்டது.

தங்கை விஜயகுமாரி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அக்கா, வெங்காயம் உரிக்கட்டுமா?"

அம்சா பதில் சொல்லவில்லை. மீனைத் திருப்பி வைத்து அடுத்த பக்கம் சீவினாள். விஜயகுமாரி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் உலகநாதனிடம் அதையே கேட்டாள். அவனும் கல்லுக்கு அடியில் எதையோ தேடுகிறவனைப் போலக் குனிந்துகொண்டான். இது அக்காவும் மாமாவும் சேர்ந்து எடுத்த முடிவு. ஒரு வாரமாக அந்த வீட்டில் விஜயகுமாரி கேட்கும் எந்த 'அட்டுமா'வுக்கும் விடை கிடையாது. மின்விசிறி போடட்டுமா, தலைக்குக் குளிக்கட்டுமா, இன்னொரு வடை எடுத்துக்கட்டுமா. ஒன்றுக்கும் கிடையாது.

அம்சாவின் மகள் பிரபாவுக்கு இது பிடிக்கவில்லை. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி வார இறுதியில் வருவாள். முதல்நாள் இரவு வந்ததிலிருந்து அம்மாவோடு சண்டை. பாவம், சித்தி வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறாள், ஒரு 'உரி' சொன்னால் வாயா வலிக்கும் என்று கேட்டாள்.

"நான் உரின்னு சொன்னா உரிப்பா. கட்டிக்கன்னு சொன்னா கட்டிக்குவா. அதான்டி எனக்கு பேஜாரா கீது," என்றாள் அம்சா.

அவள் சொன்னது, ரவிச்சந்திரன் தங்கையைப் பெண் கேட்டு வந்த கல்யாணத்தை.

செய்யூரைத் தாண்டிச் சவுக்குக் காடுகளுக்கு நடுவே மெய்யமைதி மன்றம் என்று ஓர் இடம் இருந்தது. பெயர் பலகையில் மட்டும்தான். உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் அதைத் தோப்பு என்றே சொன்னார்கள். அம்சாவின் அப்பா வேர்க்கடலை விவசாயி. பெரிய குடிகாரர். அவருக்குக் குடி நின்றது அந்தத் தோப்பில். அந்த நன்றியில் மனைவியையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தோப்பை நடத்தியவரைப் பெரியய்யா என்றார்கள். அவருக்கு எத்தனை வயதானவர்களும் பிள்ளைகள். எல்லாருக்கும் சாம்பல் நிறத்தில் உடுப்பு. எதைச் செய்யவும் அவருடைய உத்தரவு வேண்டும். தலைவலிக்குத் தைலம் தடவ உத்தரவு, ஊரில் சாவு விழுந்தால் போக உத்தரவு.

எல்லாவற்றையும் விடச் சாப்பாட்டு முறைதான் விசேஷம். நீளமான கூடம். ஆண்கள் மேற்குச் சுவரைப் பார்த்தும் பெண்கள் கிழக்குச் சுவரைப் பார்த்தும் உட்கார வேண்டும். முதுகோடு முதுகு. முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டால் ஆசை வளரும் என்பது பெரியய்யா வாக்கு. பேசக் கூடாது. மணி அடித்தால்தான் கை வைக்கலாம். இலையில் வைத்ததற்கு மேல் கேட்கக் கூடாது. விட்டுப் போனவர்கள் உட்கார்ந்த இடத்தில் மறுநாள் ஓர் இலையைக் கவிழ்த்துப் போடுவார்கள். அதன்பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

அம்சாவும் உலகநாதனும் அந்தச் சமையல்கட்டில் மாவாட்டிப் பழகியவர்கள். ஆட்டுக்கல் சத்தத்துக்குள் பேசினால் வெளியே கேட்காது என்று கண்டுபிடித்தார்கள். ஒரு நாள் காலை, ஈரத்தலையோடு முதல் பேருந்தில் ஏறிவிட்டார்கள். மறுநாள் இரண்டு இலைகள் கவிழ்ந்தன. அக்கா இலை கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு பாவாடை சட்டை போட்ட விஜயகுமாரி சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு பெற்றவர்கள் அங்கேயே இறந்தார்கள். அம்சாவுக்குச் சேதி மட்டும் வந்தது. பெரியய்யாவும் போய், தோப்பும் ஆளில்லாமல் போன பிறகு, போன வருஷம் ஒரு துணிப்பையோடு விஜயகுமாரி புதுப்பட்டினம் வந்து இறங்கினாள். தலையில் நரை ஓடியிருந்தது. கடை வாசலில் நின்று அவள் கேட்ட முதல் கேள்வி, "உள்ள வரட்டுமா?"

ரவிச்சந்திரனும் தோப்பில் இருந்தவன்தான். அவளுக்குச் சில வருஷம் முன்பே வெளியே வந்து, மதுராந்தகத்தில் தங்கி, குட்டியானை வண்டியில் செங்கல்பட்டு மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறான். அம்சா கடைக்கு அவன் புதிதாக லோடு போட ஆரம்பித்த நாட்களில் ஒரு காலை, விஜயகுமாரி பச்சைமிளகாய் அரைத்த சட்னியை ருசி பார்த்துவிட்டு விக்கினாள். அவளுக்குக் காரம் பட்டால் விக்கல் வரும், சின்ன வயதிலிருந்தே. வெளியே முதுகைக் காட்டி நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த ரவிச்சந்திரன், திரும்பாமலே தொண்டையை இரண்டு தரம் கனைத்தான்.

விஜயகுமாரி கரண்டியோடு தெருவுக்கே வந்துவிட்டாள். தோப்புக் கூடத்தில் அவள் விக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவர் வரிசையில் யாரோ அப்படி இரண்டு தரம் கனைப்பார்கள். தண்ணீர் குடி என்று சொல்வதுபோல இருக்கும். யார் என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு நாள் அந்தக் கனைப்பு நின்றுபோனது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அன்று முதல் லோடு இறக்க ரவிச்சந்திரனுக்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எண்ணியா இறக்குகிறாய் என்று உலகநாதன் கேலி செய்தான். போன வாரம் ரவிச்சந்திரன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காய்கறி இல்லாமல் வந்தான். கேட்க வேண்டியதைக் கேட்டான். உலகநாதன் சந்தோஷத்தில் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவனாகவே சொல்லிவிட்டான். அம்சா உள்ளே போய்த் தங்கையைக் கேட்டாள். "நீங்க சொல்றபடி செய்றேன்க்கா," என்றாள் விஜயகுமாரி. முகத்தில் சிரிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. அடுப்பைக் குறைக்கச் சொன்னால் எப்படித் தலையாட்டுவாளோ அப்படித்தான் ஆட்டினாள்.

அதைக் கேட்டதும் ரவிச்சந்திரன் எழுந்துவிட்டான்.

"அண்ணி, நீங்க சொல்லி அவங்க வர வேணாம். தோப்புல அப்டித்தான் எல்லாம் நடந்துச்சு. அவங்களுக்கா வேணும்னா சொல்லட்டும். வேணாம்னா அதையும் சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வரேன். அன்னைக்கும் ஒண்ணும் சொல்லலைன்னா, நான் இந்த லைனை வேற ஆளுக்கு மாத்தி வுட்டுட்டு அச்சிறுபாக்கம் பக்கம் ஓட்டிக்கறேன். தினம் என் மூஞ்சியப் பாத்து அவங்க சங்கடப்பட வேணாம்."

அவன் சொன்னது நியாயம் என்று அம்சாவுக்குத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் நானே பெரியய்யா ஆகிவிடுவேன் என்று புருஷனிடம் அழுதாள். அப்போதுதான் இருவரும் வாய்க்குப் பூட்டுப் போடுவதென்று முடிவெடுத்தார்கள்.

விருந்துக்குக் காரணம் வேறு. தோப்புக் கூடத்தை இடித்துவிட்டார்கள், நிலத்துக்காரரின் பேரப்பிள்ளைகள் அந்த இடத்தில் புதிதாகச் சவுக்கு நட்டிருக்கிறார்கள் என்று சேதி வந்திருந்தது. உலகநாதன் அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டி வந்தான். பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போட வேண்டும், தோப்பில் வாசனைகூடக் காட்டாத மீனாகப் பார்த்துப் போட வேண்டும் என்றான்.

வெங்காயம் கடைசியில் உரிக்கப்பட்டது. யாரும் சொல்லாமலே விஜயகுமாரி அதை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். அம்சா ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்தோஷத்தைக் காட்டிவிட்டால் அதுவே உத்தரவாகிவிடுமோ என்று முகத்தை மீன் பக்கம் திருப்பிக்கொண்டாள். புளி கரைந்தது. தக்காளி வதங்கியது. குழம்பு கொதித்து மேலே எண்ணெய் மிதந்த பிறகுதான் சங்கராவை இறக்கினாள். நெத்திலியை மிளகாய்த்தூளில் புரட்டிப் பொரித்தபோது அந்தத் தெருவின் நாய்களும் விருந்துக்கு வந்தன.

உச்சி வெயிலுக்கு முன்பே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் செல்வராஜ். தோப்பில் மணி அடித்தவர். வெளியே வந்து ஒரு குடியிருப்பில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். நடக்கும்போது இன்னும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அடுத்து வேண்டா, மாமல்லபுரத்தில் பூக்கடை வைத்திருப்பவள். ஒரு முழம் மல்லிகையை விஜயகுமாரி தலையில் அவளாகவே செருகிவிட்டு, "இன்னாமே இளைச்சிட்ட," என்று கன்னத்தைக் கிள்ளினாள். இன்னும் சிலர் செய்யூர், பவுஞ்சூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்தார்கள். ரவிச்சந்திரன் அதே வெள்ளை வேட்டியில் வந்து, செருப்பை வெகு நேரம் கழற்றினான்.

கடைக்கூடத்து மேசைகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தது. அம்சா இலை போட்டாள். உலகநாதன் சோறு வைத்தான். எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். குழம்பு ஊற்றப்பட்டது. வறுவல் வந்தது. அம்சாவும் உலகநாதனும்கூடத் தங்கள் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் வெண்கலத் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டியது போலச் சத்தம் கேட்டது. கைகள் சோற்றுக்குள் போயின. பிறகு கூடத்தில் பேச்சே இல்லை. மீன் முள்ளை ஒதுக்கும் சத்தமும் மின்விசிறியும் மட்டும்தான்.

பிரபா ரசப் பாத்திரத்தோடு உள்ளே வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேற்குச் சுவரை ஒட்டி ஆண்கள். கிழக்குச் சுவரை ஒட்டிப் பெண்கள். எல்லாருடைய முகமும் சுவரில். நடுவில் பாய் முழுக்கக் காலியாகக் கிடந்தது. தலை குனிந்து, மூச்சு விடாமல், முதுகோடு முதுகாக அவளுடைய அப்பா அம்மா உட்படப் பெரியவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நைனா, இன்னா எல்லாரையும் பெஞ்சு மேல ஏத்தறதுக்கு பதிலா செவுத்தப் பாக்க வச்சிட்டாங்களா?"

உலகநாதன் வாயில் சோற்றோடு சுவரைப் பார்த்தான். பக்கத்தில் செல்வராஜைப் பார்த்தான். திரும்பி அம்சாவைப் பார்த்தான். அவளும் அப்போதுதான் திரும்பினாள். இலையை அவள்தான் போட்டாள். எப்படிப் போட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வேண்டா முதலில் சிரித்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அடுத்த நொடி கூடமே அதிர்ந்தது. பொரித்த நெத்திலி ஒன்று செல்வராஜுக்குப் புரையேற, உலகநாதன் அவர் தலையில் தட்டினான். கரண்டியால் தட்டைத் தட்டியதும் அவர்தான் என்று அப்போது தெரிந்தது. கை தானாகப் போய்விட்டது என்றார், சிறுபிள்ளை மாதிரி.

இலைகளைத் திருப்பிப் போடுவது பெரிய கூத்தாக இருந்தது. தூக்கினால் குழம்பு ஓடியது. ஓடிய குழம்பைச் சோற்றால் அணை கட்டினார்கள். ஒருவழியாக எல்லாரும் நடுவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

விஜயகுமாரி மட்டும் திரும்பவில்லை. முகத்தைச் சுவர் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, திரும்பட்டுமா?"

அம்சா உதட்டைக் கடித்துக்கொண்டாள். உலகநாதன் கூரையைப் பார்த்தான். ரவிச்சந்திரன் இலையில் இருந்த மீன் தலையைக் கவனமாகப் பிய்க்க ஆரம்பித்தான். விஜயகுமாரி அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் தலையிலிருந்த மல்லிகைதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பேச்சு மெல்லத் தோப்புக்குப் போயிற்று. அது எப்போது சரிய ஆரம்பித்தது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தானும் அம்சாவும் பஸ் ஏறிய நாளில்தான் அஸ்திவாரம் ஆடியது என்றான் உலகநாதன். நீ போனதில் மாவுதான் புளிக்கவில்லை, வேறொன்றும் ஆடவில்லை என்று வேண்டா அவனை அடக்கினாள். செல்போன் வந்தபோதே முடிந்தது என்றார் ஒருவர்.

செல்வராஜ் சொன்னதுதான் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் பெரியய்யா கையால் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் மணி ஓசை வருமாறு செய்தார். மின்வெட்டு தாராளமாக இருந்த வருஷங்கள் அவை. ஒரு மதியம் இலையில் சோறு வைத்தாயிற்று, மின்சாரம் போய்விட்டது. மணி வரவில்லை.

"நாங்க குந்திகினே கீறோம். சோறு ஆறிப்போச்சு. ஈ மொய்க்குது. ஒருத்தர் கையும் எழும்பல. பெரியய்யா ரூம்ல தூங்கிகினு கீறாரு. எழுப்பறதுக்கு யார் கிட்ட உத்தரவு வாங்கறது? தொறந்த கதவு வழியா பக்கத்து ஊரு ஆடுங்க வந்துச்சு. வந்து வரிசையா ஒவ்வொரு எலையா மேஞ்சிச்சு பாரு. எங்க மூஞ்சிய நல்லா பாத்துகினே துன்னுச்சு. நான் மணிக்காரன். மணி என் பக்கத்துலயே தொங்குது. ஒரு தரம் கயித்த இழுத்திருக்கலாம். இழுக்கல."

சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. செல்வராஜ் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று ஆட்டுக்கு இருந்த அறிவு தனக்கு இல்லையே என்று தோப்பை விட்டு வந்த பிறகும் பல வருஷம் நினைத்ததாகச் சொன்னார். அந்த வாரமே மூன்று நான்கு குடும்பங்கள் கிளம்பிவிட்டன. கவிழ்த்த இலைகள் கூடிக்கொண்டே போய், உட்காருகிறவர்களை விட அவை அதிகமான நாளும் வந்தது.

வேண்டா தோப்பை அப்படி ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன் என்றாள். நான்காவது பெண்ணாகப் பிறந்து இந்தப் பெயரை வாங்கியவள் அவள். தோப்பில்தான் முதன்முதலாக யாரும் அவளை வேண்டா என்று கூப்பிடவில்லை. எல்லாரோடும் சேர்ந்து அவளும் பிள்ளை. அந்தச் சுகத்துக்காகவே அவ்வளவு காலம் இருந்தாள். அக்கா மகள் கல்யாணத்துக்கு உத்தரவு கிடைக்காத அன்று, சாலையில் போன மேளச் சத்தத்தைச் சவுக்குக் காட்டுக்குள் நின்று கேட்டாள். பெயர் எப்படி இருந்தால் என்ன, கூப்பிட நாலு பேர் வேண்டும் என்று அப்போது பட்டதாம்.

ரவிச்சந்திரன் பேசாமலே இருந்தான். நீ ஏன் வெளியே வந்தாய் என்று செல்வராஜ் கேட்டார். அவன் சுவர் பக்கம் தெரிந்த மல்லிகையைப் பார்த்தான்.

"கூடத்துச் சுவத்துல ஈரம் ஏறுதுன்னு பாதி வரைக்கும் பச்சை எனாமல் பெயிண்ட் அடிச்சாங்க, ஞாபகம் இருக்கா அண்ணாத்த? புது பெயிண்ட்டு, பளபளன்னு இருக்கும். அதுல எதிர்ப்பக்கம் மங்கலா தெரியும். எல்லாம் சாம்பல் சேலைதான். விக்கும்போது ஒரு சேலை மட்டும் குலுங்கும். எனக்கு அவ்ளோதான் தெரியும். பெரியய்யா கிட்ட போய்க் கேட்டேன், அந்தப் பொண்ணக் கட்டிக்க உத்தரவு குடுங்கன்னு. சுவத்தப் பாத்துச் சாப்பிடத் தெரியாதவனுக்குக் கல்யாணம் எதுக்குன்னாரு. என் சாப்பாட்டு நேரத்த மாத்திட்டாரு. அப்பால அங்க இருக்கப் புடிக்கல."

மல்லிகை அசைந்தது. விஜயகுமாரிக்கு இது புதுச் சேதி. தன்னை ஒருவன் கேட்டிருந்தான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அதுக்கப்புறம் எனக்கு விக்கல் வந்தா யாரும் கனைக்கல," என்றாள், சுவரைப் பார்த்து.

வேண்டாதான் அவளைப் பேச வைத்தாள். நீதானே கடைசிவரை இருந்தாய், கடைசியில் எப்படித்தான் முடிந்தது, சொல் என்றாள். இது கேள்வி, உத்தரவு கேட்க இடமில்லை. விஜயகுமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே, திரும்பாமல், சொல்லத் தொடங்கினாள்.

கடைசி வருஷம் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். பெரியய்யாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தோப்பு என்றால் தெரியாது, மன்றம் என்றால் தெரியாது. மற்றவர்கள் அவர் கோலத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்க, அவருக்குச் சோறு போடும் வேலை இவளுக்கு வந்தது.

"எலைய முன்னாடி வச்சா கைய வைக்க மாட்டாரு. என் முகத்தையே பாத்துட்டு இருப்பாரு. சாப்பிடட்டுமான்னு கேப்பாரு. சாப்பிடுங்கன்னு நான் சொன்னாத்தான் சாப்பிடுவாரு. அப்புறம் படுக்கட்டுமான்னு கேப்பாரு. படுங்கன்னு சொல்வேன். ஒரு நாள் மழை. வெளிய போய் நனையட்டுமான்னு கேட்டாரு. குழந்தை மாதிரி கேட்டாரு. போங்கன்னு சொன்னேன். முத்தத்துல நின்னு நல்லா நனைஞ்சாரு. சிரிச்சாரு. அவரு சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்."

ரவிச்சந்திரன் மெதுவாகச் சொன்னான்.

"அப்ப கடைசி ஒரு வருஷம் தோப்புல உத்தரவு குடுத்தது நீங்கதான்."

விஜயகுமாரியின் கை இலையில் நின்றது. அப்படி ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. சாப்பிடுங்க, படுங்க, போங்க. எல்லாவற்றையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள். யாரையும் கேட்காமல் சொல்லியிருக்கிறாள். மழையில் நனையச் சொல்ல அவளுக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள்?

"அடிப்பாவி, பெரியம்மாவே நீதானா?" என்றாள் வேண்டா. "தெரிஞ்சிருந்தா நான் கல்யாணத்துக்கு உன்னாண்ட கேட்டுட்டுப் போயிருப்பேனே."

விஜயகுமாரியின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று அம்சா எழப் போனாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க அடக்க அது பெரிதாயிற்று. வாயில் குழம்புச் சோறு; காரம் தொண்டையில் ஏறியது. விக்கல் வந்தது.

ரவிச்சந்திரன் இரண்டு தரம் கனைத்தான்.

அவள் திரும்பினாள். யாரையும் கேட்கவில்லை. கண்ணில் நீரும் மூக்கில் நீரும் வழிய, மல்லிகை ஒரு பக்கம் சரிய, முழுதாகத் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். எச்சில் இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். இலைக்கட்டிலிருந்து ஒரு புது இலையை உருவி வந்து, நடுவில் காலியாகக் கிடந்த பாயில், அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, சோறு வை. ரெண்டு துண்டு மீன் வை. வாலு வேணாம், நடுத்துண்டா வை."

இந்த வருஷம் முழுக்க அந்த வாய் 'வை' என்று ஒன்றைக் கேட்டதில்லை. அம்சா சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டாகத் தேடி வைத்தாள். தேடும்போது கண் மறைத்ததால் வாலும் சேர்ந்து விழுந்தது.

விஜயகுமாரி ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு ரவிச்சந்திரனிடம், கடையில் கொத்தமல்லி கணக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"மாமா தை மாசம்னு சொன்னாராமே. எனக்கு அவ்ளோ நாள் வேணாம். ஐப்பசி பொறந்ததும் வச்சிக்கலாம். தீபாவளிக்கு முன்னால."

ரவிச்சந்திரன் மீன் முள்ளைக் கையில் பிடித்தபடி இருந்தான். தலை மட்டும் ஆடியது, ஆடி நிற்கவில்லை. செல்வராஜ் தட்டைத் தேடினார், மணி அடிக்க.

அம்சாவுக்குச் சந்தோஷத்தில் சண்டை பிடிக்க வேண்டும் போல் இருந்தது. "ஐப்பசில அடைமழடி. பந்தி போட்டா எலையெல்லாம் மெதக்கும். யாரு வருவா?"

"வர்றவங்க வரட்டும்க்கா. மழைன்னா நனையட்டும். எனக்குத் தலை தீபாவளி வேணும். தோப்புல இருந்த வரைக்கும் தீபாவளியே கிடையாது. உன் வூட்லதான் கொண்டாடணும்." அவள் உலகநாதன் பக்கம் திரும்பினாள். "மாமா, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். இஞ்சி லேகியம் கிளறணும். இவருக்கு வேட்டி எடுக்கணும். எனக்குச் சேலை எடுக்கணும். சாம்பல் கலர் மட்டும் வேணாம்."

"இன்னா கலரு வேணும் சொல்லுமா," என்றான் உலகநாதன்.

"மஞ்சள். இல்ல, சிவப்பு." கொஞ்சம் யோசித்தாள். யோசிக்கும் சுகத்துக்காகவே யோசிப்பது போல இருந்தது. "ரெண்டும் எடுங்க."

பிரபா அதற்குள் கைபேசியில் ஐப்பசி முகூர்த்தம் தேட ஆரம்பித்துவிட்டாள். வேண்டா கல்யாண மாலை தன் பொறுப்பு என்றாள். பவுஞ்சூர்க்காரர்கள் இன்னும் சோறு கேட்டார்கள். வெளியே வெயில் மங்கி, கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வெந்த மண்ணில் முதல் தூறல் விழுந்த வாசனை மீன் வாசனையோடு கலந்து உள்ளே வந்தது.

விஜயகுமாரி நெத்திலியை இரண்டு மூன்றாக அள்ளி வாயில் போட்டாள். மிளகாய்த்தூள் தாராளமாகப் பிடித்திருந்த நெத்திலி. மறுபடியும் விக்கினாள்.

இந்த முறை கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருசேர இரண்டு தரம் கனைத்தார்கள். ரவிச்சந்திரன் கனைக்கவில்லை. எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்தான்.